சும்மா உட்கார்ந்திருந்தேன்

ஜூன் 9, திங்கள்

இடது கையால் எழுதுகிறேன். இந்த ஒரு வரிக்குள் காப்பி ஆறிப்போயிற்று. போதும்.

ஜூன் 10, செவ்வாய்

நேற்று எழுதியதை இன்று எனக்கே வாசிக்க முடியவில்லை. பி.டி. மாஸ்டருக்குக் கையெழுத்து எதற்கு, விசில் போதும் என்று ரிட்டயர் ஆகும்வரை இருந்துவிட்டேன். இப்போது விசிலும் ஊத முடியாது. வலது பக்க உதடு காற்றை விட்டுவிடுகிறது.

தினமும் ஏதாவது எழுதுங்கள் என்று சொன்னது நஸ்ரின். பிசியோதெரபி செய்கிற பெண், மேலப்பாளையத்துக்காரி. மார்ச் மாதம் எனக்கு வாதம் அடித்து வலது கையும் காலும் வாயும் விழுந்ததிலிருந்து என்னை எழுப்பி நிறுத்தி நடக்க வைத்தவள் அவள்தான். என்னைவிடக் கண்டிப்பானவள். அது எனக்குப் பிடிக்கும், அவளிடம் சொல்லவில்லை.

இன்று அவள் ஒரு கறுப்பு வாட்சைக் கொண்டுவந்து என் இடது மணிக்கட்டில் கட்டினாள். மணி காட்டாத வாட்ச். ஆராய்ச்சியாம். வாதம் வந்து பிழைத்தவர்கள் குளிப்பது, உடுத்துவது, சாப்பிடுவது மாதிரி அன்றாட வேலைகளைச் செய்யும்போது உடம்பு எவ்வளவு பாடுபடுகிறது என்று அளக்கிறார்களாம். நெஞ்சு எப்படி அடிக்கிறது, கை எவ்வளவு அசைகிறது என்று வாட்ச் தானே குறித்துக்கொள்ளும். கூடவே ஒரு தாள். என்ன செய்தேன், எவ்வளவு சிரமம் என்று நானே மார்க் போட வேண்டும். பூஜ்யம் என்றால் சும்மா இருப்பது. பத்து என்றால் இதற்குமேல் முடியாது.

நாமும் எத்தனை பிள்ளைகளுக்கு மார்க் போட்டிருக்கிறோம். எனக்கு நானே போடுவது இதுதான் முதல் தடவை.

நான் கேட்டது ஒன்றே ஒன்று. இந்த அளவெல்லாம் முடிந்த பிறகு நான் வீட்டில் தனியாக இருக்கலாம் என்று எழுதிக் கொடுப்பாளா? அளவு நன்றாக இருந்தால் டாக்டரிடம் சொல்லி வாங்கித் தருவேன் என்றாள். அப்புறம் என்ன. பரீட்சை என்று சொல்லிவிட்டால் நான் பாஸ் பண்ணாமல் விடுவேனா?

ஜூன் 12, வியாழன்

பல் துலக்கல், ஒன்று. குளியல், இரண்டு. சட்டை போட்டது, இரண்டு.

சட்டைக்கு நான் போட்ட இரண்டை என் மனைவி சொர்ணம் எட்டிப் பார்த்தாள். முதல் பொத்தானில் நான் கை வைத்தபோது பால்காரன் மணி அடித்தான். கடைசிப் பொத்தானைப் போட்டு நிமிர்ந்தபோது அவள் துணி துவைத்துக் காயப் போட்டுவிட்டு வந்துவிட்டாள், தட்டில் இட்லி ஆறிக்கிடந்தது. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். முதுகெல்லாம் வேர்த்து, போட்ட சட்டையோடு கட்டிலில் சாய்ந்துவிட்டேன்.

"இதுக்கா ரெண்டு மார்க்கு?" என்றாள்.

மயங்கி விழுந்தால்தான் பத்து, நான் விழவில்லையே என்று சொன்னேன். சொன்னேன் என்றால், அவளுக்குப் புரிகிற மாதிரி வாயைக் கோணிக்கொண்டு சொன்னேன். அவள் பொத்தானைச் சரிசெய்தாள். ஒரு ஓட்டை தப்பிப் போட்டிருக்கிறேன்.

விஷயத்தை எழுதிவிடுகிறேன். எங்களுக்கு ஒரே மகள், பியூலா. குவைத்தில் இருக்கிறாள். இரண்டு தடவை வயிற்றில் தங்கிக் கலைந்துபோயிற்று. இது மூன்றாவது. கர்ப்பப்பையின் வாயில் தையல் போட்டு, கட்டிலைவிட்டு இறங்காதே என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். மருமகன் ரூபன் விடிந்தால் வேலைக்குப் போய்விடுவான். பகல் முழுக்கப் பிள்ளை தனியாகக் கிடக்கிறாள். செப்டம்பர் முதல் வாரத்தில் பேறு. சொர்ணம் ஆகஸ்டிலாவது போய்ச் சேர வேண்டும். விசா குத்தின பாஸ்போர்ட் வந்து பீரோவில் இருக்கிறது. உங்களைத் தனியாக விடலாம் என்று டாக்டர் சொல்லட்டும், அன்றைக்கே ஏறுகிறேன் என்று இவள் உட்கார்ந்திருக்கிறாள்.

எனக்கு வாதம் வந்தது பியூலாவுக்குத் தெரியாது. வாயும் வயிறுமாக இருக்கிறவளிடம் கெட்ட சேதி சொல்லக் கூடாது என்று சொந்தமெல்லாம் கூடி முடிவெடுத்தார்கள், நானும் தலையாட்டினேன். நான் ஆஸ்பத்திரியில் கிடந்த நாளெல்லாம், அப்பா பழைய பையன்களோடு டோர்னமெண்டுக்குப் போயிருக்கிறார் என்று சொர்ணம் சாதித்தாள். மருமகனுக்கும் சொல்லவில்லை. அவன் வாயில் ரகசியம் தங்காது. விசா இன்னும் குத்தி வரவில்லை என்பது அடுத்த பொய்.

ஜூன் 14, சனி

குளியல், இரண்டு. நாற்காலியிலிருந்து எழுந்தது, பூஜ்யம். சாயங்காலம் ஏழு மணி: சும்மா உட்கார்ந்திருந்தேன். பூஜ்யம்.

ஏழு மணி என்பது பியூலாவின் போன். அங்கே நாலரை. ரூபன் வீட்டுக்கு வராத நேரம், அவளுக்குப் பொழுது போகாத நேரம். முகம் பார்த்துப் பேசுகிற போன் எனக்கு எப்போதுமே ஆகாது, பேசத்தானே போன் என்று முன்பே சொல்லிவைத்திருந்தேன். அந்தப் பிடிவாதம் இப்போது கைகொடுக்கிறது.

ஆனால் ஒரு சங்கடம். நான் சாதுவாகப் பேசினால் அவள் சந்தேகப்படுவாள். பிறந்ததிலிருந்து அவள் என்னிடம் வாங்கியதெல்லாம் திட்டுத்தான். அப்பா திட்டினாத்தான் எனக்குத் தூக்கம் வரும் என்று கல்யாணமாகிப் போன பிறகும் கேட்டு வாங்குவாள். ஆகவே தினமும் திட்ட வேண்டும், உரத்த குரலில், குழறாமல்.

அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தேன். உதடு ஒட்டுகிற எழுத்துதான் எனக்கு உதைக்கிறது. ப வராது, ம வராது, வ வராது. அவை மூன்றும் இல்லாமல் ஒரு திட்டு தயார் செய்தேன். "ஏட்டி, தின்னியா? நல்லாத் தின்னு. காலை நீட்டிக் கிட. எந்திரிச்சியோ, கட்டிலோட சேத்துக் கட்டிருதேன்." குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டுக் கொண்டு மத்தியானமெல்லாம் சொல்லிப் பார்ப்பேன். ஏழு மணிக்குச் சொர்ணம் முதலில் நாலு வார்த்தை பேசிவிட்டு என் காதில் வைப்பாள். மூச்சை இழுத்துப் பிடித்து அடிவயிற்றிலிருந்து எடுத்துவிடுவேன். பியூலா அந்தப் பக்கம் சிரிப்பாள். மேலே அவள் ஏதாவது கேட்பதற்குள் சொர்ணம் போனை வாங்கிக்கொள்வாள்.

சுத்தமாக விழுந்துவிட்டது என்றால் எனக்குப் பெருமையாகத்தான் இருக்கிறது.

ஜூன் 15, ஞாயிறு

சொர்ணம் கோயிலுக்குப் போய்வந்தாள். பாதிரியார் என்னை விசாரித்தாராம். நான் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

ஜூன் 23, திங்கள்

நஸ்ரின் வாட்சைக் கழற்றிக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தாள். என் தாளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். குளியலுக்கு நான் போட்ட இரண்டும், சட்டைக்குப் போட்ட இரண்டும் பொய் என்று என் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டாள். குளித்துச் சட்டை போட்டு முடிக்கும்போது என் நெஞ்சு அடித்த அடி, ஒரு நல்ல ஆள் வேகமாக மலை ஏறும்போது அடிக்கிற அடியாம்.

பிறகு நெஞ்சடிப்பு ஏறி இறங்குகிற கோடு ஒன்றைக் காட்டினாள். தினமும் சாயங்காலம் ஒரே நேரத்தில் கூரை மாதிரி எழும்பியிருந்தது. குளியலையும் மாடிப்படியையும் விட உயரம்.

"ஏழு மணிக்கு என்ன செய்தீங்க சார்? தாள்ல சும்மா உட்கார்ந்திருந்தேன்னு போட்டிருக்கு."

சும்மாதான் உட்கார்ந்திருந்தேன் என்றேன். டிவியில் கபடி பார்த்திருப்பேன் என்றும் சேர்த்துக்கொண்டேன். சொர்ணம் தரையைப் பார்த்தாள்.

நஸ்ரின் நம்பவில்லை. இப்படித் தினமும் எகிறுவது நல்லதல்ல, இன்னொரு அடி வந்தால் தாங்காது, இதை வைத்துக்கொண்டு தனியாக இருக்கலாம் என்று என்னால் டாக்டரிடம் சொல்ல முடியாது என்று கையை விரித்துவிட்டாள். அடுத்த தடவை பார்க்கலாம் என்றாள்.

வரும் வழியெல்லாம் ஆட்டோவில் நாளை எண்ணிக்கொண்டு வந்தேன். ஆகஸ்டு வந்துகொண்டிருக்கிறது.

ஜூன் 25, புதன்

ஒரு யோசனை தோன்றியிருக்கிறது.

ஜூன் 26, வியாழன்

வாட்ச் கட்டின இடம் அரிக்கிறது, நீ கொஞ்ச நாள் கட்டிக்கொள், வாட்ச் உடம்புச் சூடு விட்டுப்போனால் கெட்டுவிடுமாம் என்று சொர்ணத்திடம் சொன்னேன். பச்சைப் பொய். அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கையை நீட்டினாள்.

அவளுக்கு வாதமுமில்லை, ஒன்றுமில்லை. வீட்டோடு இருக்கிறவள். ஓட்டமா சாட்டமா? வாட்ச் நல்ல பிள்ளையாகக் குறித்துக்கொண்டு வரும். நஸ்ரினும் பரவாயில்லையே சார் என்று எழுதிக் கொடுப்பாள். சொர்ணம் விமானம் ஏறுவாள்.

வாழ்க்கையில் ஒரு பையனைக்கூட வயதைக் குறைத்துக் காட்டி டீமில் சேர்க்காதவன் நான். பிள்ளைக்காக என்று வந்தால் எல்லாம் செய்யலாம் போலிருக்கிறது.

ஜூலை 7, திங்கள்

இன்று மானம் போயிற்று. போனது நல்லதா கெட்டதா என்று இன்னும் தெரியவில்லை.

கிளம்பும்போது வாட்சை என் கைக்கு மாற்றிக்கொண்டேன். நஸ்ரின் கம்ப்யூட்டரைப் பார்த்தாள். முன்னும் பின்னும் தள்ளித் தள்ளிப் பார்த்தாள்.

"சார், விடியறதுக்கு முன்னாலயே எந்திரிச்சு என்ன செய்தீங்க? குடம் தூக்குனீங்களா? மாவு ஆட்டுனீங்களா? காலையில குளிக்கிற நேரத்துக்கு என்னத்தையோ பெரிய பாரத்தத் தூக்கி இறக்குன மாதிரி இருக்கு. பகல்ல ஒரு இடத்துல உக்காரவே இல்ல. ராத்திரியும் எந்திரிச்சு எந்திரிச்சு நடந்திருக்கீங்க."

எனக்கு வாய் அடைத்துப்போயிற்று, வாதத்தால் அல்ல. குளிக்கிற நேரத்தில் தூக்கி இறக்கின பாரம் நான். ராத்திரியில் எழுந்து நடந்தது, என்னைக் கக்கூசுக்குக் கூட்டிப்போனது. ஒரு தடவை கூப்பிட்டால் எழுந்துவிடுவாள், அது எனக்குப் பழகிப்போய் ஒரு விஷயமாகவே தெரியவில்லை.

நஸ்ரின் சொர்ணத்தின் மணிக்கட்டைப் பார்த்தாள். வார் பதிந்த தடம் அப்படியே இருந்தது. கோபப்படுவாள் என்று நினைத்தேன். படவில்லை. என்னை விட்டுவிட்டு அவள் பக்கம் திரும்பி, நீங்க எப்பம்மா உக்காருவீங்க என்று கேட்டாள்.

"உக்காந்தா எந்திரிக்க முடியாதும்மா. அதான் உக்காருறதில்ல" என்றாள் சொர்ணம்.

அவள் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். என் வேலைக்கெல்லாம் இரண்டு, மூன்று என்று குறைத்துக் குறைத்துப் போட்டேன். மிச்சத்தை யார் சுமந்தது?

கடைசியில் நஸ்ரின் சொன்னாள்: "எல்லாத்துக்கும் ரெண்டு போட்டா, எதை எந்த நேரத்துக்கு மாத்தி வைக்கணும்னு நான் எப்படிச் சொல்ல? நான் உங்கள ஃபெயில் பண்ண வரல சார். எங்க கஷ்டம்னு தெரிஞ்சா வழி பண்ணத்தான் இந்த வாட்ச்."

ஜூலை 8, செவ்வாய்

தாளில் உண்மையைப் போட்டேன். குளியல், எட்டு. சட்டை, ஏழு. படிக்கட்டு, ஆறு. எழுத அசிங்கமாக இருந்தது. சாயங்காலம் ஏழு மணிக்கு மட்டும் மனம் வரவில்லை. பூஜ்யம்.

சொர்ணத்தை நாற்காலியில் உட்கார வைத்து, இடது கையால் நானே காப்பி கலந்து கொடுத்தேன். பாதி தரையில் போயிற்று. அதைத் துடைக்க எழுந்தாள். உட்கார் என்று ஒரு சத்தம் போட்டேன். உட்கார்ந்தாள். குடித்துக்கொண்டே அழுதாள். நீ போய்விடு, பிள்ளை தனியாகக் கிடக்கிறாள் என்றேன்.

"இங்க ஒரு உசுரு, அங்க ஒரு உசுரு. நான் எந்த உசுரப் பாக்க?" என்றாள்.

காலித் தம்ளரை நான் வாங்கிக்கொண்டேன்.

ஜூலை 12, சனி

சொர்ணம் மார்க்கெட்டுக்குப் போயிருந்தாள், மழையில் மாட்டிக்கொண்டாள் போலிருக்கிறது. ஏழு மணிக்குப் போன் அடித்தது. அடித்து ஓயட்டும் என்று விட்டிருக்கலாம். பிள்ளை பயந்துவிடுவாளே என்று நானே எடுத்தேன்.

அலோ சொல்லவில்லை. நேராகப் பாடத்துக்குப் போனேன். ஏட்டி, தின்னியா, நல்லாத் தின்னு, காலை நீட்டிக் கிட, எல்லாம் ஒரு பிசகில்லாமல் வந்தது. அந்தப் பக்கம் சிரிப்பு வரவில்லை.

"அப்பா, இன்னைக்கு டாக்டர் பாத்தாங்க. தையல் கொஞ்சம் இழுத்திருக்காம். அம்மாவ சீக்கிரம் வரச் சொல்லுன்னாங்க. விசா வந்துட்டாப்பா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். இல்லை என்பதில் உதடு ஒட்டாது, எனக்கு லேசான வார்த்தை. ஆனால் அவள் குரல் நடுங்கியது. அந்தக் குரலிடம் பொய் சொல்ல எனக்கு முடியவில்லை. வந்துவிட்டது என்று சொல்லவும் வாய் இல்லை. 'வி' என்று ஆரம்பித்தேன், வெறும் காற்று வந்தது. மறுபடி ஆரம்பித்தேன். எச்சில் வழிந்து சட்டையில் விழுந்தது. நெஞ்சு காதுக்குள் அடித்தது. போனைக் கீழே வைத்துவிடலாம் என்று கையை எடுத்தேன்.

"அப்பா, மெதுவா. எனக்கு எங்கயும் போற வேலை இல்ல. மெதுவாச் சொல்லுங்க."

போனை மறுபடி காதில் அழுத்தினேன்.

"நீங்க ஒரு தடவ திட்டினத மறு தடவ திட்ட மாட்டீங்க. மூணு மாசமா ஒரே திட்டத் திட்டுதீங்க. என் பேரக்கூடச் சொல்லல, ஏட்டி ஏட்டிங்கீங்க. தொண்டையில கட்டி வந்திருக்கு, எங்கிட்ட மறைக்கீங்கன்னு நெனச்சு தெனமும் போன வச்சிட்டு அழுதுட்டுக் கெடக்கேன். கேட்டா நீங்க பேசுறதையும் விட்டுருவீங்களோன்னு கேக்கல."

பிள்ளை அழக் கூடாது என்றுதானே இத்தனை பாடுபட்டது? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டதாக நானும் அவள் அம்மாவும் இங்கே நினைத்துக்கொண்டிருக்க, பிள்ளை அங்கே தனியாக அழுதிருக்கிறாள்.

கட்டி இல்லை என்று முதலில் சொன்னேன். அது வந்தது. வாதம் என்று சொல்லத்தான் நெடுநேரம் பிடித்தது. அதில் தொடக்கத்திலும் உதடு, கடைசியிலும் உதடு. அவள் ஒரு எழுத்துகூட எடுத்துக் கொடுக்காமல் காத்திருந்தாள். சொல்லி முடித்ததும் பெரிய மூச்சு விட்டாள்.

"இவ்வளவுதானா?" என்றாள்.

எனக்கு வந்ததே கோபம். கையும் காலும் வாயும் போய் நாலு மாதமாக ஒருத்தன் கிடக்கிறேன், இவளுக்கு இவ்வளவுதானாவாம். கோண வாயாலேயே, குழறிக் குழறி, எச்சில் தெறிக்க, வாயில் வந்த எழுத்தையெல்லாம் போட்டுத் திட்டினேன். பாதி அவளுக்குப் புரிந்திருக்காது. அவள் சிரிக்கவும் அழவும் ஒன்றாகச் செய்தாள்.

"இது புதுத் திட்டுப்பா" என்றாள்.

பிறகு வெகுநேரம் பேசினோம். வாட்ச் கதை, மார்க் கதை, வாட்சை அம்மா கையில் கட்டி அகப்பட்ட கதை எல்லாம் சொன்னேன். இடையில் மூச்சு வாங்கினால் நிறுத்திக்கொண்டேன். அவளுக்கு அவசரம் இல்லை. என்கூடப் பேசினதுக்கு எத்தனை மார்க்குப்பா போட்டீங்க என்று கேட்டாள். பூஜ்யம் என்றேன். நிஜத்தைச் சொல்லுங்கள் என்றாள்.

ஒன்பது என்று சொன்னேன்.

"எனக்கும் ஒம்பதுதான்ப்பா. ஒண்ணும் தெரியாத மாதிரி சிரிக்கிறது."

வைப்பதற்கு முன் அவள் பெயரைச் சொன்னேன். ப சரியாக விழவில்லை, காற்று கலந்து ஏதோ ஒரு எழுத்தாக விழுந்தது. இருந்தாலும் அவள் 'என்னப்பா' என்று கேட்டாள்.

சொர்ணம் நனைந்து வந்து கதவைத் திறந்தபோது நான் போனை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். யாரு போன், என்ன சொன்னிய என்று பதறினாள். எல்லாம் சொல்லிவிட்டேன் என்றேன். பையைக் கீழே போட்டுவிட்டாள். தக்காளி உருண்டு கட்டிலுக்கடியில் போயிற்று.

ஜூலை 13, ஞாயிறு

விடிந்ததும் சொர்ணம் குவைத்துக்குப் போன் போட்டாள். பியூலாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. பல மாதத்துக்குப் பிறகு நேற்றுத்தான் நன்றாகத் தூங்கினாளாம். பிள்ளை உதைக்கிறதாம்.

ஜூலை 14, திங்கள்

நஸ்ரினிடம் ஏழு மணி விஷயத்தை ஒப்புக்கொண்டேன். நேற்றுச் சாயங்காலம் ஏழு மணிக்குப் பியூலாவோடு பேசியதற்குத் தாளில் இரண்டு போட்டிருந்தேன். மறுபடியும் ஆரம்பித்துவிட்டீர்களா என்ற முகத்தோடு வாட்சைப் பார்த்தாள். கோடு தரையோடு தரையாகக் கிடந்தது. அவளே சிரித்துவிட்டாள்.

அப்புறம் என் உண்மை மார்க்கையெல்லாம் வைத்துக்கொண்டு நாளைப் பிரித்துப் போட்டாள். காலையிலேயே குளியல், சவரம், சட்டை என்று அடுக்கக் கூடாது. குளியலைச் சாயங்காலத்துக்குத் தள்ள வேண்டும், உட்கார்ந்து குளிக்க வேண்டும். காலையில் பொத்தான் இல்லாத பனியன் போதும். ஒரு பெரிய வேலைக்குப் பிறகு ஒரு ஓய்வு, ஓய்வும் வேலைதான். இதையெல்லாம் நான் பையன்களுக்குக் கிரவுண்டில் சொல்லியிருக்கிறேன். என் உடம்புக்குச் சொல்லத் தோன்றவில்லை.

மெஸ்ஸிலிருந்து சாப்பாடு வரும். ராத்திரித் துணைக்கு என்னோடு வேலை பார்த்த டிராயிங் மாஸ்டர் கோயில்பிள்ளை படுத்துக்கொள்வான். அவன் பெண்டாட்டியும் மகன் வீட்டில்தான் இருக்கிறாள்.

ஜூலை 20, ஞாயிறு

ஒத்திகை. சொர்ணம் பக்கத்தில் நாசரேத் ஊரில் அவள் தங்கச்சி வீட்டுக்குப் போயிருக்கிறாள். குளியல், ஆறு. மார்க் குறைந்தது, இந்தத் தடவை நிஜமாகவே. கோயில்பிள்ளையின் குறட்டையைச் சகித்துக்கொண்டது, பத்து.

ஜூலை 28, திங்கள்

டாக்டர் சரி என்று சொல்லிவிட்டார்.

ஆகஸ்டு 2, சனி

சொர்ணம் திருவனந்தபுரத்துக்கு வண்டி ஏறினாள். அங்கிருந்து விமானம். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் என்னை விட்டுக் கடல் தாண்டிப் போவது இதுதான் முதல் தடவை.

வழியனுப்ப நான் சட்டைதான் போட்டேன், பொத்தான் வைத்தது. நேற்று ராத்திரியே சொல்லிவிட்டேன், நீ தொடாதே என்று. அவள் பெட்டியை வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள், டிரைவர் ஹாரன் அடித்தான். இருக்கட்டும் என்று அவனிடம் சொன்னாள். கடைசிப் பொத்தானையும் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன். ஓட்டை தப்பவில்லை. அவள் பொத்தானைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"அங்க போயி நான் உக்காரத்தான் போறேன். நீங்க இங்க ஓடாதிய" என்றாள்.

சட்டை, எட்டு. ஆனால் போட்டேன். அவள் போன பிறகு வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. எனக்கு அழுகை வந்தது, அழுதேன். அதற்குத் தாளில் இடம் இல்லை.

ஆகஸ்டு 11, திங்கள்

பியூலா ஒரு சேதி சொன்னாள். பிள்ளைக்கு எனக்குச் சொல்ல லேசான பெயராக வைக்கப் போகிறாளாம், உதடு ஒட்டாத பெயர். கண்டபடி திட்டினேன். ப-வில் வை, இல்லாவிட்டால் ம-வில் வை, எனக்குப் பயிற்சி வேண்டாமா என்றேன்.

ஆகஸ்டு 24, ஞாயிறு

பெண் குழந்தை. கொஞ்சம் முந்திக்கொண்டது. தாயும் பிள்ளையும் சுகம். சொர்ணம்தான் முதலில் கையில் வாங்கினாளாம்.

சாயங்காலம் போன் வந்தது. இன்று இதற்குமேல் எழுத வரவில்லை.

ஆகஸ்டு 25, திங்கள்

நஸ்ரின் வாட்சைக் கழற்றிக் கம்ப்யூட்டரில் போட்டாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். முகம் மாறிற்று. நேற்றுச் சாயங்காலம் கோடு எழும்பியிருந்தது. பழைய ஏழு மணிக் கூரையெல்லாம் அதற்குப் பக்கத்தில் ஒன்றுமில்லை. தாளைப் புரட்டினாள்.

"சார், மறுபடியும் சும்மா உட்கார்ந்திருந்தேன்னு போட்டிருக்கீங்க."

கோயில்பிள்ளையைச் சாட்சிக்குக் கூப்பிட்டேன். அவனும் ஆமாம் என்று சொன்னான். நான் பேசவில்லை, எழவில்லை, கையைக்கூட அசைக்கவில்லை. போனைக் காதில் வைத்துக்கொண்டு சும்மாதான் உட்கார்ந்திருந்தேன். அந்தப் பக்கம் பிள்ளை அழுதுகொண்டிருந்தது.